மேடையில் தந்ததும் விதிகளில் பறித்ததும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். அதே வேளையில் அது கணக்குப் பார்க்க வேண்டிய நாளும் ஆகும். நாம் நமக்குக் கொடுத்துக்கொண்ட வாக்கு என்ன, அதில் எவ்வளவு நிறைவேறியது என்பதை ஆண்டறிக்கை சொல்லும். ஆனால், நமக்குப் பிறர் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கையும் யாரேனும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கை இம்மலரில் பதிவு செய்வதே இவ்வுரையின் நோக்கம். 2014ஆம் ஆண்டு மே மாதம் மத்தியில் ஆட்சிக்கு வந்த பாரதிய ஜனதா கட்சி அரசு நம் மக்களுக்கு அளித்த வாக்குறுதிகளையும், பின்னர் அது நடந்துகொண்ட முறையையும் நாம் இங்கே ஆராய விழைகிறோம். ஏச்சும் பேச்சும் நமக்குத் தேவையில்லை. சட்டமும், சுற்றறிக்கையும், வரவு செலவுத் திட்டமுமே நமக்குச் சான்றுகள்.

முதலில் ஒரு வரலாற்றை நினைவுகூர வேண்டும். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர், அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே பட்டியல் வகுப்பு மக்களின் குறைகளைத் தொகுத்து அரசுக்கு விண்ணப்பம் அளித்தார். 1943இல் அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு இடம் நமக்கென ஒதுக்கப்பட்டது. 1944இல் மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. அந்நியர் ஆட்சியில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கருவூலம் வறண்டிருந்த வேளையில் பெற்ற உரிமைகள் இவை. இங்கே அமர்ந்திருக்கும் பட்டதாரிகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் அந்த உதவித்தொகையின் பிள்ளைகளே.

2014ஆம் ஆண்டுத் தேர்தலில் நாம் கேட்ட முழக்கம் அனைவருக்கும் வளர்ச்சி என்பது. 2013 நவம்பரில் ஆக்ரா பொதுக்கூட்டத்தில் ஒரு கோடி வேலைவாய்ப்புகள் என்று திரு. நரேந்திர மோடி வாக்களித்தார். பின்னர், 2022ஆம் ஆண்டுக்குள் உழவர் வருமானம் இரு மடங்காகும் என்றும், அதே ஆண்டுக்குள் அனைவருக்கும் வீடு என்றும் அறிவிப்புகள் வந்தன. 2022 வந்தது, போயிற்று. கிராமப்புற வீட்டுத் திட்டத்திற்கு 2024 மார்ச் வரையிலும், நகர்ப்புறத் திட்டத்திற்கு 2024 டிசம்பர் வரையிலும் தவணை நீட்டிக்கப்பட்டது. உழவர் வருமானமோ, அரசே நடத்திய மாதிரி ஆய்வின்படி 2012–13இல் குடும்பத்திற்கு மாதம் 6,426 ரூபாயாக இருந்து 2018–19இல் 10,218 ரூபாயாயிற்று. விலைவாசி ஏற்றத்தைக் கழிக்காத கணக்கு இது. அந்த 10,218 ரூபாயிலும் பயிரால் வந்த வருமானம் 3,798 ரூபாய். கூலியால் வந்தது 4,063 ரூபாய். உழவன் தன் வயலில் ஈட்டியதைக் காட்டிலும் பிறரிடம் கூலிக்குப் போய் ஈட்டியதே அதிகம் என்பது இதன் பொருள். சொந்த வயலே இல்லாத நம் மக்களின் நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவையெல்லாம் நாடறிந்த செய்திகள். நாம் கருத்தூன்ற வேண்டியது வேறொன்று. வாக்குறுதி மேடையில் மீறப்படுவதில்லை. மேடையில் அது மேலும் மேலும் உரக்கவே சொல்லப்படுகிறது. மீறல் நடக்கும் இடம் விதிகள். யார் எவ்வளவு பங்கு தருவது, எந்த வருமானம் வரை தகுதி, எதை அலகாகக் கொண்டு இடங்களை எண்ணுவது என்னும் சிறிய எழுத்துகளில்தான் நம் உரிமை கரைகிறது.

கல்வி உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று முடியும்போது, கடைசி ஆண்டில் ஏற்பட்ட செலவு முழுவதும் மாநில அரசின் பொறுப்பாகிவிடும். அதற்கு மேற்படும் தொகையை மட்டுமே மத்திய அரசு தரும். இம்முறை பழைய அரசுகளின் காலத்திலேயே ஏற்பட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால், பன்னிரண்டாவது திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தபோது மாநிலங்களின் தலையில் பெருஞ்சுமை ஏறியது. திட்டக்குழுவையே 2015இல் கலைத்துவிட்ட அரசு, திட்டக்காலத்துக் கணக்கை மட்டும் கைவிடவில்லை. மாநிலங்கள் முறையிட்டன, மாணவர்கள் முறையிட்டனர். பல மாநிலங்களில் உதவித்தொகை நிலுவையாயிற்று. கல்லூரிகள் கட்டணம் கேட்டு நெருக்கின.

இறுதியில் 2020 டிசம்பர் 23 அன்று அமைச்சரவை புதிய ஏற்பாட்டை அறிவித்தது. மத்திய அரசு 60 விழுக்காடு, மாநிலம் 40 விழுக்காடு. மொத்தம் 59,048 கோடி ரூபாயில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி ரூபாய். இதை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால், அதே அறிவிப்பில் அரசு தந்த ஒரு புள்ளிவிவரத்தை நம் இளைஞர்கள் மறக்கலாகாது. 2017–18 முதல் 2019–20 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடி ரூபாயாக இருந்த மத்திய உதவி, இனி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாயாக உயரும் என்று அது கூறியது. தேவை 6,000 கோடி என்று அறிந்த அரசு, மூன்றாண்டுகள் 1,100 கோடியோடு நின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? மூன்றாண்டு என்பது ஒரு பட்டப்படிப்பின் காலம். 2017இல் இளங்கலை வகுப்பில் சேர்ந்த நம் வீட்டுப் பிள்ளைக்குத் திருத்தம் வந்தபோது கல்லூரிக் காலமே முடிந்திருந்தது. அரசுக்கு அது நிலுவை. அவனுக்கோ திரும்பி வராத வாய்ப்பு.

அடுத்து, ஏழை என்பவர் யார் என்ற கேள்வி. 2019 சனவரியில் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இரண்டே நாட்களில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு என்பது அதன் பெயர். ஆனால், பட்டியல் வகுப்பிலும் பழங்குடியிலும் பிற்பட்ட வகுப்பிலும் உள்ள ஏழைகள் அதில் சேரமாட்டார்கள். ஏழ்மைக்கென்று ஏற்படுத்திய ஏற்பாட்டில் நாட்டின் ஏழைகளில் பெரும்பகுதியினரே விலக்கப்பட்டனர். 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அத்திருத்தம் செல்லும் என்றது. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி இரவீந்திர பட், தலைமை நீதிபதி யு.யு. லலித் ஆகிய இருவரும் இந்த விலக்கலை ஏற்கவில்லை.

அந்த ஒதுக்கீட்டிற்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய். நம் மாணவன் கல்வி உதவித்தொகை பெற வேண்டுமானால் பெற்றோரின் வருமான வரம்பு 2.5 இலட்சம் ரூபாய். 2021இல் வெளியிட்ட புதிய நெறிமுறைகளிலும் அதே 2.5 இலட்சமே இடம்பெற்றது. மாதக் கணக்கில் பார்த்தால் ஒன்று ஏறத்தாழ 66,600 ரூபாய். மற்றொன்று ஏறத்தாழ 20,800 ரூபாய். தந்தை கட்டட வேலைக்கும் தாய் துப்புரவு வேலைக்கும் போய் இருவருமாக மாதம் 21,000 ரூபாய் கொண்டுவந்தால், அக்குடும்பம் உதவிக்குத் தகுதியற்றதாகிவிடுகிறது. மாதம் 60,000 ரூபாய் வாங்கும் முன்னேறிய வகுப்புக் குடும்பம் நலிந்த குடும்பமாக ஏற்கப்படுகிறது. ஒன்று உதவித்தொகை, மற்றொன்று இடஒதுக்கீடு. இரண்டும் வெவ்வேறு என்று வாதிடுவோர் உண்டு. வெவ்வேறுதான். ஆயினும் ஏழ்மையை அளக்கும் கோல் ஒரே அரசின் கையில் இருக்கிறது. அக்கோல் சேரிக்கு ஒரு நீளமாகவும் ஊருக்கு ஒரு நீளமாகவும் இருப்பது ஏன் என்பதே நம் வினா.

படித்து முடித்தவன் ஆசிரியனாக விரும்பினால் என்ன ஆகிறது? பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடங்களை எண்ணும்போது, பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு 200 இடங்களுக்கான சுழற்சிப் பட்டியல் பின்பற்றப்பட்டு வந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரலில் அளித்த தீர்ப்பைக் காட்டி, ஒவ்வொரு துறையும் தனி அலகு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 மார்ச் 5 அன்று ஆணையிட்டது. இதன் விளைவை இளைஞர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். துறைவாரிப் பட்டியலில் நான்காவது இடம் பிற்பட்ட வகுப்பிற்கு. ஏழாவது இடம் பட்டியல் வகுப்பிற்கு. பதினான்காவது இடம் பழங்குடிக்கு. ஐந்து ஆசிரியர்களே உள்ள துறையில் ஏழாவது இடம் எங்கிருந்து வரும்? அரசியல் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 15 விழுக்காடு என்ற எண்ணும் மாறவில்லை. எண்ணும் முறை மட்டுமே மாறியது; சிறிய துறைகளில் நமக்குரிய வாயில் அடைபட்டது. அரசின் மேல்முறையீட்டை 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதன்பின் ஆசிரியர்களும் மாணவர்களும் வீதிக்கு வந்தனர். மார்ச் 5 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு; மார்ச் 7 அன்று அவசரச் சட்டம்; அவ்வாண்டு சூலையில் நாடாளுமன்றச் சட்டம். பழைய முறை மீண்டது.

ஆராய்ச்சிக்கு வெளிநாடு செல்ல விரும்புவோருக்கும் ஒரு வேலி போட்டார்கள். நம் மாணவர்க்கென உள்ள தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி கிடையாது என்று 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறின. சாதியை உடலாலும் உள்ளத்தாலும் அறிந்தவன் சாதியை ஆராயக்கூடாது என்பது இதன் நடைமுறைப் பொருள். அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் தம் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவில் சாதிகளின் தோற்றமே ஆகும். இந்த விதி அன்று இருந்திருந்தால் அவருக்கே உதவி மறுக்கப்பட்டிருக்கும்!

இனி வேலை. வேலையின்மை 6.1 விழுக்காடு என்று காட்டிய 2017–18ஆம் ஆண்டுக்கான அரசின் ஆய்வறிக்கை, வெளிவர வேண்டிய காலத்தில் வரவில்லை. அது நிறுத்தி வைக்கப்பட்டதை ஒட்டி தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் 2019 சனவரியில் பதவி விலகினர். தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று அறிக்கை வெளியாயிற்று. மத்திய அரசுத் துறைகளில் 2021 மார்ச் 1 அன்று காலியாக இருந்த இடங்கள் ஏறத்தாழ 9.79 இலட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 15 விழுக்காடு என்று எளிய கணக்குப் போட்டாலும், நம் மக்களுக்கு உரிய ஏறத்தாழ 1.47 இலட்சம் நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. இடஒதுக்கீட்டை ஒழிக்கச் சட்டம் வேண்டுவதில்லை. இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும். பொதுத்துறை நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றால் அதுவும் போதும். 2022 சனவரியில் ஏர் இந்தியா கைமாறியபோது அந்நிறுவனத்தில் இடஒதுக்கீடும் முடிந்தது.

நம் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் தாய்மாரின் கூலியில் நடக்கிறது. அக்கூலிக்கு ஓரளவு காவலாக இருந்தது 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். தோல்வியின் நினைவுச் சின்னம் என்று பிரதமர் 2015இல் மக்களவையில் அதை எள்ளினார். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது. 100 நாள் வேலை 125 நாளாகிறது என்பது மேடைச் செய்தி. விதிகளைப் படியுங்கள். முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு ஏற்றது. புதிய சட்டத்தில் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டைச் சுமக்க வேண்டும். முன்பு கேட்போர் தொகைக்கேற்ப நிதி வந்தது. புதிய சட்டத்தில் மத்திய அரசு வகுக்கும் ஒதுக்கீட்டிற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தைச் சேரும். விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் திட்ட வேலையை நிறுத்தி வைக்கவும் அச்சட்டம் வழி செய்கிறது.

இந்த 60 நாள் யாருக்குப் பயன்படும்? வேறு வேலை இருந்தால்தான் உழைப்பவள் நிலவுடைமையாளரிடம், இந்தக் கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியும். அறுவடைக் காலத்தில் அந்த வேறு வேலையை எடுத்துவிட்டால், கூலியைத் தீர்மானிப்பவர் நிலத்துக்குரியவர் ஆகிவிடுகிறார். வெண்மணியில் 1968இல் 44 உயிர்கள் எரிந்த வரலாறு கூலி கேட்டவர்களின் வரலாறு. அந்த மண்ணிலிருந்து பேசும் நமக்கு இவ்விதியின் பொருள் எளிதில் விளங்கும்.

கழிவுநீர்க் குழாய்களுக்கு வருவோம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 1993 முதல் குழிகளில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இலும், இனி நேரும் சாவுகளுக்கு 30 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கம் ஆரவாரத்துடன் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் துப்புரவுத் தொழிலாளர் ஐவரின் கால்களைக் கழுவினார். 2021 சூலையில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த விடை, கையால் மலம் அள்ளுவதால் இறந்தவர் எவருமில்லை என்பது. கழிவுநீர்த் தொட்டியில் மூச்சடைத்து இறந்தவர்கள் ஆபத்தான துப்புரவுப் பணியில் இறந்தவர்கள் எனத் தனித் தலைப்பில் எழுதப்பட்டார்கள். சாவு குறையவில்லை, தலைப்பு மாறியது. கால்களைக் கழுவியதை நாம் குறை கூறவில்லை. அந்தக் கால்கள் குழியில் இறங்காதபடி இயந்திரம் தருவதே அரசின் கடமை என்கிறோம்.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் எழுந்து, அண்ணலுக்கு நினைவகங்கள் எழுப்பவில்லையா, 2017இல் நம்மவர் ஒருவரைக் குடியரசுத் தலைவராக்கவில்லையா என்று கேட்கலாம். ஆம், இரண்டும் நடந்தன. ஆனால், சிலைக்கு மாலை சூட்டுவது உதவித்தொகைக்கு ஈடாகாது. வேறொருவர், மற்றக் கட்சிகள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். அல்ல. 1979இல் வகுத்த சிறப்புக் கூறுத் திட்டத்திற்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்காமல் காங்கிரஸ் அரசுகள் ஆண்டுக்கணக்கில் காலங்கடத்தின. சமூகநீதி பேசும் நம் தமிழ்நாட்டில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. கழிவுநீர்ச் சாவுகளின் பட்டியலில் நம் மாநிலம் முன்வரிசையில் நிற்கிறது. ஆகவே, எந்தக் கொடியையும் பார்த்து நாம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. எனினும், பொதுத்துறையைச் சுருக்குவதும், மாநிலத்தின் மேல் சுமையைத் தள்ளுவதும், சாதியைப் பேசாமல் ஏழ்மையை மட்டும் பேசுவதும் ஓர் அரசின் கொள்கையாகவே ஆகும்போது, அக்கொள்கையின் பெயரைச் சொல்லித்தான் எதிர்க்க வேண்டும்.

இளைஞர்களே, இதில் சோர்வதற்கு இடமில்லை. 2015 அக்டோபரில் ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகையை நிறுத்த முனைந்தார்கள், மாணவர்கள் மானியக் குழு அலுவலகத்தின் முன் அமர்ந்தார்கள், உதவித்தொகை நீடித்தது. 2018 மார்ச்சில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வலுவிழந்தது, ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் நம் மக்கள் எழுந்தார்கள், உயிர்களும் பலியாயின, ஆகஸ்டில் சட்டத் திருத்தம் வந்தது. 2024 ஆகஸ்டு 17 அன்று, இடஒதுக்கீடு இன்றி 45 உயர் பதவிகளுக்கு நேரடியாக ஆள் எடுக்க விளம்பரம் வந்தது. மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான் ஆளுங்கட்சி மக்களவையில் 303 இடங்களிலிருந்து 240க்கு இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மீண்டவை அனைத்தும் கருணையால் மீண்டவை அல்ல, கேட்டதால் மீண்டவை.

ஆயின், கேட்பதற்கு முன் அறிந்திருக்க வேண்டும். இங்கேதான் கல்விக் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணி இருக்கிறது. தேர்வுக்குப் படிப்பதைப் போலவே ஆணைகளைப் படிக்கும் பயிற்சியையும் நம் வகுப்புகளில் தொடங்குவோம். மத்திய வரவு செலவுத் திட்டத்தில் பட்டியல் வகுப்பினர் நலனுக்கான ஒதுக்கீடு 10ஏ என்னும் தனி அறிக்கையாக ஆண்டுதோறும் வெளிவருகிறது. அதை இரண்டு மாணவர்கள் பிப்ரவரி மாதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். தமிழ்நாடு 2024இல் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்திற்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. அதன்படி நம் மாவட்டத்திற்கு வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கட்டும். உதவித்தொகை வராத மாணவர்களின் பட்டியலைக் கழகம் ஆண்டுதோறும் தொகுக்கட்டும். தனியொரு மாணவன் அலுவலக வாயிலில் நின்றால் அது மன்றாட்டு. நூறு பெயர்கள் கொண்ட பட்டியலோடு கழகம் சென்றால் அது கோரிக்கை.

தேர்தல்கள் வரும், மேடைகள் எழும், வாக்குறுதிகள் இன்னும் இனிமையாக ஒலிக்கும். அவற்றைக் கேட்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பங்கு எவ்வளவு, வரம்பு எவ்வளவு, அலகு எது என்ற மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். விடை கிடைக்கும் வரை விடாதீர்கள். கற்பதும் ஒன்று சேர்வதும் போராடுவதும் வெவ்வேறு வேலைகள் அல்ல என்பதை அப்போது உணர்வீர்கள்.